அடுத்தவர் ஆதார் வந்துபோகும் கணினியில் எந்த எக்ஸ்டென்ஷனை வைப்பது?

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை, வேலையில் பெரும்பகுதி ஆன்லைன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், வில்லங்கம், பான் கார்டு, தேர்வு விண்ணப்பம், ஹால் டிக்கெட். நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என்று மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் ஆதார் அட்டையையும் ஓடிபி வரும் போனையும் என் மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுடைய பிறந்த தேதி, சாதி, நிலத்தின் சர்வே எண், வங்கிக் கணக்கு எல்லாமே என் பிரவுசர் வழியாகத்தான் போகின்றன. இந்த நம்பிக்கை எனக்குப் பெரிய விஷயம். அதனால் பிரவுசரோடு கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களில் எதைச் சேர்ப்பது, எதை அண்ட விடக் கூடாது என்பதை ஆற அமர யோசித்து ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். இதே தொழில் செய்பவர்களுக்கும், வீட்டில் ஒரே கணினியை நாலு பேர் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் விளம்பரத் தடுப்பு. மலையில் இருப்பவர்களுக்கு இது வசதிக்காக மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் மழையும் சேர்ந்துகொண்டால், சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். லைன் நெட்டும் கூடவே போகும். அப்போது போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் வேலை நடக்கும். அந்தச் சிக்னலில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால், செய்தி வருவதற்கு முன் தானாக ஓடும் வீடியோ விளம்பரம் வந்து டேட்டாவைத் தின்றுவிடும். விளம்பரத்தைத் தடுத்துவிட்டால் அதே பக்கம் அதே சிக்னலில் திறக்கிறது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பழைய வினாத்தாள், தேர்வு முடிவு, பாடப்புத்தகம் என்று தேடினால் வரும் பல தளங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக 'டவுன்லோட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது விளம்பரம். உண்மையான சுட்டி அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். என்னிடம் வேலைக்கு வரும் பெண் புதிதாகச் சேர்ந்தபோது, "அக்கா, இதுல எதை அமுக்கறதுங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. விளம்பரத் தடுப்பைப் போட்ட பிறகு அந்தப் பச்சைப் பட்டன்களில் பெரும்பாலானவை திரையிலேயே வருவதில்லை. கண்டதையும் இறக்கிக் கணினியில் வைரஸ் ஏற்றிக்கொள்ளும் ஆபத்து அங்கேயே பாதி குறைந்துவிடுகிறது.

நான் வைத்திருப்பது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் தொடங்கியது. இலவசம், நன்கொடையும் வாங்குவதில்லை, நிரல் முழுவதும் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. பெயர் ஒத்த வேறு சரக்குகளும் உண்டு என்பதால், நிறுவும்போது 'ஆரிஜின்' என்பதையும் உருவாக்கியவர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். இது முழு பலத்துடன் ஓடுவது ஃபயர்பாக்ஸில்தான். குரோமிலும் முன்பு ஓடியது. பிறகு கூகுள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மாற்றி, மேனிஃபெஸ்ட் வி3 என்ற முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையில் எழுதப்பட்டவற்றை 2024 முதல் படிப்படியாக முடக்கியது. பழைய முறையில், ஒரு பக்கம் வெளியிலிருந்து கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் எக்ஸ்டென்ஷன் நேரில் பார்த்து, இது வரட்டும், இது வேண்டாம் என்று முடிவு செய்யும். புதிய முறையில் தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்னதாகவே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். தடுக்கும் வேலை பிரவுசருடையது. எக்ஸ்டென்ஷனின் கண்ணில் குறைவாகப் படுவது நல்லதுதான். ஆனால் பட்டியலுக்கு அளவு உண்டு, சில நுணுக்கமான தடுப்புகள் அதில் முடியாது. குரோமை விட முடியாதவர்களுக்கு அதே ஆள் செய்த யூபிளாக் ஆரிஜின் லைட் இருக்கிறது. அன்றாடத்துக்கு அது போதும்.

ஆனால் விளம்பரத் தடுப்பு ஓடும் பிரவுசரில் கட்டணம் கட்டாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். அரசுத் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, பணம் கட்டப் போகும்போது பக்கம் முதலில் பணத்தை வாங்கும் இடைத் தளமான பேமெண்ட் கேட்வேக்குத் தாவும், அங்கிருந்து வங்கியின் ஓடிபி பக்கத்துக்கு, பிறகு மறுபடியும் துறையின் தளத்துக்கு. இந்தத் தாவல்களில் சில புது ஜன்னலில் திறக்கும், சில வேறு தளத்தின் நிரலை அழைக்கும். நடுவில் ஒன்றைத் தடுப்பான் நிறுத்திவிட்டால், பணம் கணக்கிலிருந்து போயிருக்கும், விண்ணப்பம் 'நிலுவை' என்று நிற்கும். கடைசித் தேதி அன்று அப்படி ஒரு மாணவரை எதிரில் வைத்துக்கொண்டு இருப்பது நல்ல அனுபவமாக இருக்காது. குறிப்பிட்ட தளத்தில் மட்டும் யூபிளாக்கை நிறுத்த வழி இருக்கிறது. அதன் படத்தைக் கிளிக் செய்தால் வரும் பெரிய பவர் பட்டனை அழுத்திப் பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் துறை, கேட்வே, வங்கி என்று மூன்று தளத்திலும் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

அதனால் நான் செய்திருப்பது இதுதான். தேடுவது, படிப்பது, இறக்குவது எல்லாம் ஃபயர்பாக்ஸில். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. விண்ணப்பம் நிரப்புவது, பணம் கட்டுவது எல்லாம் குரோமில்; அங்கே கடைக்கென்று தனி புரொஃபைல் (ஒரே பிரவுசருக்குள் தனி அறை மாதிரி), அதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூடக் கிடையாது. குரோமில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் எக்ஸ்டென்ஷன் பட்டியல் தனித்தனி என்பது பலருக்குத் தெரியாது. என் சொந்த மெயில் இருக்கும் புரொஃபைலில் எதை வைத்தாலும் அது கடை புரொஃபைலுக்கு வராது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்துவிட்டால், அவசரத்திலும் எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் தானே உட்கார்ந்து தன் மெயிலைத் திறக்க வேண்டும் என்றால் கெஸ்ட் ஜன்னல். குரோமிலும் மைக்ரோசாஃப்ட் எட்ஜிலும் புரொஃபைல் படத்தை அழுத்தினால் கிடைக்கும். அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. மூடியதும் குக்கீ, ஹிஸ்டரி எல்லாம் அழிந்துவிடும். இறக்கிய கோப்பு மட்டும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடும், அதைக் கையால்தான் அழிக்க வேண்டும். பிரின்ட் எடுக்க இறக்கிய ஆதார் பிடிஎஃப்கள் மாதக்கணக்கில் அந்த ஃபோல்டரில் கிடப்பதை எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சாயங்காலம் கடை சாத்தும்போது அதைக் காலி செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், எக்ஸ்டென்ஷன் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவும்போது ஒரு பெட்டி வரும்: 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் முடியும்'. அவசரத்தில் எல்லோரும் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். அந்த வரி சொல்வது அப்படியே உண்மை. அந்த அனுமதி இருக்கும் எக்ஸ்டென்ஷன், நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் படிக்கலாம், திரையில் தெரியும் ஆதார் எண்ணைப் படிக்கலாம், பக்கத்தில் இருக்கும் ஒரு சுட்டியை மாற்றி வைக்கலாம். முகவரியில் பூட்டுப் படம் இருந்தாலும் இதைத் தடுக்காது. அந்தப் பூட்டு வழியில் யாரும் ஒட்டுக் கேட்காமல் இருக்கத்தான், எக்ஸ்டென்ஷனோ வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆள். விளம்பரத் தடுப்புக்கு இந்த அனுமதி வேண்டும், ஏனென்றால் விளம்பரம் எல்லாப் பக்கத்திலும் வருகிறது. ஆனால் வானிலை காட்டும் எக்ஸ்டென்ஷனுக்கும், கால்குலேட்டருக்கும், திரையைப் படம் பிடிப்பதற்கும் என் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் தேவை என்ன? செய்யும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

குரோமிலும் எட்ஜிலும் இதைக் கொஞ்சம் இறுக்கலாம். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் 'விவரங்கள்' என்பதைத் திறந்தால், தள அணுகல் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும்: கிளிக் செய்யும்போது மட்டும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், எல்லாத் தளங்களிலும். எப்போதாவது பயன்படுத்துவதற்கு முதலாவதைப் போட்டுவிடுங்கள். நாம் அதன் படத்தை அழுத்தும் வரை அது எந்தப் பக்கத்தையும் தொடாது.

இன்று நல்லதாக இருப்பது நாளையும் நல்லதாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஓர் எக்ஸ்டென்ஷன் இருந்தது. திறந்து வைத்த டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்தார்கள். 2020-இல் அதை எழுதியவர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார். புதியவர் கைக்குப் போன பிறகு அதில் வேண்டாத நிரல் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கானது என்று சொல்லி நீக்கியது. இன்னொன்று 2024 டிசம்பரில் நடந்தது. சைபர்ஹேவன் என்பது தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். அதன் ஊழியர் ஒருவருக்குப் போலி மெயில் அனுப்பி ஏமாற்றி, அவர்களுடைய எக்ஸ்டென்ஷனிலேயே திருட்டு நிரல் உள்ள பதிப்பை யாரோ ஏற்றிவிட்டார்கள். எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகும் என்பதால் பயன்படுத்தியவர்கள் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டையும் வைத்து நான் எடுத்துக்கொண்ட முடிவு: எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் இன்னொரு முன்பின் தெரியாதவரின் கவனத்தையும் நேர்மையையும் நம்புவது. ஏற்கெனவே இருப்பது ஒன்று திடீரென்று புது அனுமதி கேட்டால், குரோம் அதை நிறுத்திவைத்துவிட்டு நம்மிடம் கேட்கும். அந்த நேரத்தில் சரி என்று அழுத்தாமல், என்ன மாறியது என்று தேடிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் செலவழிப்பது தகும். ஃபயர்பாக்ஸில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற முத்திரை உள்ளவற்றின் நிரலை மொசில்லா ஆட்கள் நேரில் சரிபார்க்கிறார்கள். தேர்வு செய்யும்போது அந்த முத்திரையை நான் மதிக்கிறேன்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் என் கொழுந்தனாருக்கு வெள்ளிக் கொலுசு வியாபாரம். ஒரு நாள் போன் செய்தார். "அண்ணி, கூகுள்ல தேடினா வேற ஏதோ பக்கம் வருதுங்க. ஓரத்துல சும்மா சும்மா விளம்பரம் வந்து நிக்குது. கணினியே கெட்டுப்போச்சா?" நான் கீழே போயிருந்தபோது உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளி விலையைப் புது டேபிலேயே காட்டும் என்று ஓர் எக்ஸ்டென்ஷனைப் பட்டறைப் பையன் போட்டிருந்தான். நாளுக்கு நாள் கிலோ விலை ஏறி இறங்கும் தொழிலில் அது கண்முன்னே இருப்பது உபயோகம்தான், பையன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நிறுவும்போது அது கேட்டது இரண்டு அனுமதி: புது டேப் பக்கத்தை மாற்றுவது, தேடல் அமைப்பை மாற்றுவது. விலை காட்ட இரண்டாவது எதற்கு? தேடலைத் தன் பக்கம் இழுத்து, விளம்பர முடிவுகளைக் காட்டிக் காசு பார்ப்பதற்கு.

அந்தக் கணினியில் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். தேடல் மாறியது எக்ஸ்டென்ஷனால். அதை நீக்கியதும் சரியானது. அதன் பிறகும் ஓரத்தில் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. அதற்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டபோது யாரோ அனுமதி கொடுத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் தனியுரிமை, தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று பயமுறுத்தி ஓரத்தில் வருபவை பெரும்பாலும் இந்த ரகம்தான். கணினியை ஃபார்மேட் செய்யச் சொல்லிக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு முன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவது கொஞ்சம் பிடிவாதமானது. ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பட்டனே இல்லை. 'உங்கள் நிறுவனத்தால் நிறுவப்பட்டது' என்றிருந்தது. கொலுசுக் கடையில் நிறுவனமாவது கம்ப்யூட்டர் பிரிவாவது! வேறு எங்கிருந்தோ இறக்கிய இலவச மென்பொருள் ஒன்று, விண்டோஸ் கொள்கைப் பதிவில் (நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கு விதி போட்டு வைக்கும் இடம்) எழுதி அதைத் திணித்திருந்தது. இந்த மாதிரி இருந்தால் பிரவுசருக்குள் எவ்வளவு முயன்றாலும் அது போகாது, போனாலும் திரும்ப வரும். முதலில் கண்ட்ரோல் பேனலில் அந்த மென்பொருளை நீக்க வேண்டும், பிறகு வைரஸ் ஸ்கேன், பிறகு அந்தக் கொள்கைப் பதிவை அழிப்பது. கடைசி வேலையைத் தெரிந்த சர்வீஸ்காரரை வைத்தே செய்துகொண்டோம். எல்லாம் முடிந்ததும் குரோமின் ரீசெட் வசதியைப் பயன்படுத்தினேன். அது புக்மார்க்கையும் சேமித்த பாஸ்வேர்டையும் தொடாது, எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி, தொடக்கப் பக்கத்தையும் தேடலையும் பழையபடி ஆக்கும்.

அப்புறம் எல்லோரும் மறக்கும் ஒன்று. சந்தேகமான எக்ஸ்டென்ஷன் இருந்த கணினியில் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. நாம் உள்ளே நுழைந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகத் தளங்கள் பிரவுசரில் ஒரு குக்கீயை வைக்கின்றன. அதைத் திருடியவருக்குப் பாஸ்வேர்டே வேண்டியதில்லை. மெயில், வங்கி, வியாபாரக் கணக்கு எதுவானாலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைச் செய்துவிட்டு, வேறொரு சுத்தமான கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கொழுந்தனாரைப் போனிலிருந்தே செய்யச் சொன்னேன்.

கொழுந்தனார் கணினியில் புகுந்த அந்த மென்பொருள் பயன்படுத்திய அதே கொள்கை வசதியை நல்லதற்கும் பயன்படுத்தலாம். என் கடைக் குரோமில் புதிதாக எந்த எக்ஸ்டென்ஷனையும் சேர்க்க முடியாதபடி கொள்கை போட்டு வைத்திருக்கிறோம். அதனால் மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வரும். நாமே போட்டதால் அந்த வரி வந்தால் நல்லது. நாம் போடாமல் வந்தால் உடனே ஆராய வேண்டும்.

பல வேலைகளுக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். டேப்களைத் தூங்கவைக்கும் வசதி குரோமுக்குள்ளேயே 2023-இல் வந்துவிட்டது. திரையைப் படம் பிடிப்பது ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் உள்ளேயே இருக்கிறது. பிடிஎஃப் திறக்க, பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமிக்க எல்லாப் பிரவுசருக்கும் தெரியும். ஃபயர்பாக்ஸில் பிடிஎஃப்மேல் எழுதவும் கையெழுத்துப் படத்தை வைக்கவும்கூட முடியும். 'பிடிஎஃப் கருவி' என்ற பெயரில் வருபவற்றிடம் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன். ஒருவருடைய நிலப் பத்திரத்தையும் சாதிச் சான்றையும் எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏற்றி, இணைத்து, இறக்குவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? படத்தின் அளவைக் குறைப்பதற்கும் இதேதான். விண்ணப்பத்தில் 50 கேபிக்குள் புகைப்படம் கேட்டால் விண்டோஸ் பெயின்டில் ரீசைஸ் செய்தால் வேலை முடிந்தது.

தமிழில் தட்டச்சு செய்யவும் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. நான் வைப்பதில்லை. தட்டச்சுக்கான எக்ஸ்டென்ஷன் என்றால் தட்டுவது எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகையும் ஒலிப்பு முறை விசைப்பலகையும் இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வேர்டிலும் பிரவுசரிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். தமிழ் 99-ஐ 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது, பழகிவிட்டால் வேகம் அபாரமாக வரும். என் கடைப் பெண் இப்போது என்னைவிட வேகமாக அடிக்கிறாள்.

படித்துக் காட்டும் வசதியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஏற்காட்டில் குடியிருக்கிறார். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரையைப் பார்த்துப் படிக்கக் கஷ்டப்பட்டார். "அம்மா, பேப்பர் படிக்காம பொழுது விடிஞ்ச மாதிரியே இல்ல" என்றார். இதற்கென்று தேடியபோது எக்ஸ்டென்ஷன்கள் நிறையக் கிடைத்தன, ஆனால் அவற்றில் நான் போட்டுப் பார்த்தவற்றின் தமிழ் உச்சரிப்பு அவர் காதுக்கு ஒத்துவரவில்லை. மைக்ரோசாஃப்ட் எட்ஜில் உள்ளேயே 'உரக்கப் படி' இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும். இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள். ஐயா வள்ளுவரைத் தேர்ந்தெடுத்தார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் தெளிவாக இருக்கிறது. இந்தக் குரல்களுக்கு நெட் வேண்டும், பக்கத்தின் எழுத்துகள் அவர்களுடைய சர்வருக்குப் போய்த்தான் ஒலியாகத் திரும்பும். எனவே நாளிதழுக்குச் சரி, வங்கிக் கடிதத்துக்கு வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் ஃபயர்பாக்ஸில் யூபிளாக்குக்கு அடுத்து நான் மிகவும் மதிப்பது சிங்கிள்ஃபைல். ஒரு வலைப்பக்கத்தைப் படங்களோடும் அமைப்போடும் ஒரே கோப்பாகச் சேமித்துவிடும். நெட் இல்லாதபோதும் அப்படியே திறக்கலாம். கரண்டும் நெட்டும் சொல்லிக்கொள்ளாமல் போகும் ஊரில் இதன் அருமை தெரியும். அறிவிக்கை, பாடத்திட்டம், கேட்கப்படும் ஆவணங்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறேன். காபி விவசாயிகளுக்கும் இதில் ஒரு பயன். ஏற்காட்டில் விளைவது பெரும்பாலும் அராபிகா. அதன் உலக விலை நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டுக்கு எத்தனை சென்ட் என்று வரும். காய் பறிப்புக் காலத்தில் ஆட்கள் வந்து கேட்பார்கள், நேற்று என்ன, போன வாரம் என்ன என்று. அந்த விலைப் பக்கங்களைத் தேதி வாரியாகச் சேமித்து வைத்தால், வியாபாரி சொல்லும் விலையோடு ஒப்பிட்டுப் பேச ஒரு பிடி கிடைக்கிறது.

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தருவதற்குப் பிட்வார்டன். இது என் சொந்தக் கணக்குகளுக்கு மட்டும், என் சொந்தப் புரொஃபைலில் மட்டும். இதன் பெரிய நன்மை ஞாபகம் வைக்கத் தேவையில்லை என்பதைவிட, சேமித்த முகவரி அல்லாத தளத்தில் இது பாஸ்வேர்டை நிரப்ப முன்வராது என்பதுதான். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் உள்ள போலித் தளங்கள் தேடலில் வருகின்றன. நம் கண் ஏமாறலாம், இது எழுத்துக்கு எழுத்து முகவரியைப் பார்க்கிறது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பவில்லை என்றால் நிறுத்தி முகவரியைப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டை நான் எங்கேயும் சேமிப்பதில்லை. ஒரு சீட்டில் எழுதி அவர்கள் கையில் கொடுத்து, ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்வேன். பிரவுசர் 'சேமிக்கவா' என்று கேட்பதையே கடைப் புரொஃபைலில் நிறுத்திவிட்டேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அன்ஹுக் என்பதைப் போட்டுக்கொடுங்கள். யூடியூபில் ஓரத்தில் வரும் பரிந்துரை வீடியோக்கள், ஷார்ட்ஸ் எல்லாவற்றையும் மறைத்துவிடும். தேடிய பாடம் மட்டும் திரையில் இருக்கும். வகுப்பு முடிந்ததும் அடுத்து இழுக்க எதுவும் இருக்காது.

பழைய ஃபிளாஷ் பற்றி இன்னும் கேட்கிறார்கள். அடோபி அதை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, எந்தப் புதுப் பிரவுசரிலும் அது ஓடாது. இன்றைக்கு ஒரு தளம் 'ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யுங்கள்' என்று சொன்னால் அது மோசடி, உடனே மூடிவிடுங்கள். டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போட ஜாவா தேவைப்பட்ட காலமும் போய்விட்டது. அந்த வகை இணைப்புகளைக் குரோம் 2015-இலும் ஃபயர்பாக்ஸ் 2017-இலும் கைவிட்டன. இப்போது கையெழுத்துக்கென்று தனி மென்பொருளைக் கணினியில் நிறுவச் சொல்கிறார்கள். அதை அந்தத் துறையின் தளத்திலிருந்தே இறக்க வேண்டும், தேடலில் முதலில் வரும் ஏதோ ஒன்றிலிருந்து வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் பழைய பக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதைப் பழைய எக்ஸ்ப்ளோரர் முறையிலேயே திறக்க எட்ஜில் ஐஇ மோட் இருக்கிறது.

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் கணினி கிடையாது, போன்தான். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஆனால் ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் முடியும். முன்பு சிலவற்றை மட்டும் அனுமதித்தார்கள், 2023 டிசம்பரிலிருந்து பரவலாகத் திறந்துவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அதை நிறுவி, யூபிளாக் ஆரிஜின் ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுக்கிறேன். செய்தி, வானிலை, காபி விலை பார்க்க அது. வங்கி வேலைக்கு வங்கியின் ஆப்பையே பயன்படுத்தச் சொல்வேன், மற்ற விண்ணப்ப வேலைக்கு ஏற்கெனவே போனில் இருக்கும் குரோமே போதும்.